கிப்லாப் பக்கத்து வயல்

முப்பது வருஷமாகப் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறேன். இர்பித் நகரில் பாதிப் பெண்களுக்கு நாலு திசையையும் காட்டியவள் நான்தான். அப்படிப்பட்டவள் சொன்ன திசையைக் கேட்டு ஒரு கூட்டமே தப்பான வயலில் இறங்கியது என்றால் அதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? யார் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

எங்கள் ரொட்டிக் குழுவில் நாற்பது குடும்பங்கள். ஊர் விளிம்பில், அடுக்குமாடிகளுக்கு நடுவே, வீடு கட்டலாம் என்று வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா கிடக்கும் மனைகளை உடையவர்களிடம் கேட்டு வாங்கிக் கோதுமை விதைக்கிறோம். கப்பலில் வருகிற மாவையே நம்பிக் கிடக்காமல், நம் பிள்ளைகள் தின்னும் ரொட்டி நம் மண்ணில் விளையட்டும் என்று தொடங்கியது. "மாடி வீட்டு விவசாயிகள் வந்தாச்சு" என்று அப்போது கேலி செய்தவர்கள் இப்போது எங்கள் மாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். என் பெயர் ரிஹாப். மூத்தவன் நிஸார் என்பதால் ஊருக்கு நான் உம்மு நிஸார், நிஸாரின் அம்மா. குழுவில் விதை என் பொறுப்பு.

இந்தக் கதைக்கு இரண்டு வயல்கள் போதும். நடுவில் ஒரு வண்டித்தடம். தெற்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒன்று, வடக்கே ஒன்று. ஆனால் எங்கள் ஊரில் தெற்கு என்று யார் சொல்கிறார்கள்? மக்கா இருப்பது தெற்கே, தொழ நிற்பது அந்தத் திசையில், ஆகவே அது கிப்லாப் பக்கம். கிப்லாப் பக்கத்து ஜன்னல், கிப்லாப் பக்கத்துக் கடை, கிப்லாப் பக்கத்து வயல். பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிப்லாப் பக்கத்து வயல் கடையில் வாங்கிய சாதாரண விதையை ஃப்ரீகேவுக்காக விதைத்தது. மணியை நெரித்தால் பால் கெட்டியாக வரும் பருவத்தில், பச்சையாகவே அறுத்து, தீயில் வாட்டி, உமியைத் தேய்த்து எடுத்தால் அதுதான் ஃப்ரீகே. வருஷம் முழுக்கச் சூப்புக்கும் கோழிச் சோற்றுக்கும் ஆகும். பருவம் இரண்டு மூன்று நாள்தான். தவறினால் மணி இறுகிவிடும், ஃப்ரீகே போச்சு.

வடக்கு வயல் விதைக்கு. அதைப் பச்சையில் தொடவே கூடாது. ஜூன் வரை நின்று, காய்ந்து, முற்ற வேண்டும். அது இந்தச் சமவெளிக்கே உரிய ஹவ்ரான் கோதுமை. மழை பாதியில் கைவிட்டாலும் கதிர் தள்ளும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்துக்காரரிடம் காப்பி டப்பா அளவு கெஞ்சி வாங்கி வந்தேன். விதைத்து விதைத்து ஒரு மூட்டை ஆக்கினேன். போன குளிரில் பாதி மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது. மிச்சம் முழுவதையும் வடக்கு வயலில் போட்டேன். வீட்டில் ஒரு மணி கிடையாது. கொடுத்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் நிலத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்த வயல் போனால் நாற்பது குடும்பத்துக்கும் அடுத்த வருஷம் இந்த விதை இல்லை. அதனால் தினம் பள்ளி விட்டதும் போய்ப் பார்ப்பேன். திடமான கதிர்களாகத் தேர்ந்தெடுத்து, நிஸாரின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நீலக் கம்பளி நூலை அடையாளத்துக்குக் கட்டி வைத்திருந்தேன்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் மஞ்சளாகிவிட்டது. கமாசீன் காற்று! பாலைவனத்துத் தூசியை வாரிக்கொண்டு, அடுப்புக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கொதிக்கக் கொதிக்க வீசும். ஒரே நாளில் பச்சைக் கதிரை உலர்த்திவிடும். தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்.

"ஃபஸா, நல்லவங்களே, ஃபஸா! காத்து கிளம்பிடுச்சு. கிப்லாப் பக்கத்து வயலை இன்னைக்கே அறுத்து வாட்டிடணும். எனக்குப் பன்னெண்டு வரைக்கும் வகுப்பு இருக்கு. நீங்க ஆரம்பிச்சுடுங்க, நான் வந்துடறேன்."

ஃபஸா என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை. யாராவது ஃபஸா என்று கூப்பிட்டால் எதற்கு, ஏன் என்று கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அறுவடையா, பிரசவமா, சண்டையா என்பதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்ல, வயலை ஒரு நாளும் பார்த்திராதவர்கள்கூட அரிவாளோடு புறப்பட்டுவிடுவார்கள். குழுவில் விவரம் தெரிந்த ஏழெட்டுப் பேரும் அன்றைக்கு வேலையில் இருந்தார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் லுஜைன் கூப்பிட்டாள். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி மருமகள். பிறந்து வளர்ந்தது எல்லாம் குவைத். கல்யாணமாகி வந்து ஐந்து மாசம்.

"பெரியம்மா, மன்னிச்சுக்குங்க. கிப்லாப் பக்கம்னா எந்த வயல்?"

வகுப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஏம்மா, குவைத்ல யாரும் தொழறதில்லையா? கிப்லா எதுன்னு இந்த வயசுல கேக்குறியே! கண்ணு இருக்கில்ல, ரெண்டுல ஒண்ணு, போய்ப் பாரு!" என்று வைத்துவிட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

பன்னிரண்டரைக்கு வாடகைக் காரில் போய் இறங்கினேன். வயலுக்குப் போகிற சாலையைக் குழாய் போடுவதற்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளங்களைத் தாண்டி, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பத்து எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சூரியன் இருக்கும் இடமும் தெரியவில்லை, மசூதிக் கோபுரமும் தெரியவில்லை. வானம் முழுக்க ஒரே பழுப்பு.

கிப்லாப் பக்கத்து வயல் அப்படியே நின்றது. ஒரு கதிர்கூட அறுபடவில்லை. "அடப் பாவிகளா, ஃபஸான்னு கத்தியும் ஒருத்தர் வரலையா!" என்று வாய்விட்டே திட்டினேன். எங்கள் ஊரில் அப்படி நடக்கவே நடக்காதே. அப்போதுதான் காற்றில் அந்த வாசனை வந்தது. பச்சைக் கோதுமை தீயில் வாடுகிற வாசனை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வயல் இங்கே நிற்கிறது, வாசனை எங்கிருந்து வருகிறது?

வண்டித்தடத்தைத் தாண்டினேன். காலில் கதிர் அறுத்த அரிதாள் குத்தியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். புத்தி அப்போதும் ஏற்க மறுத்தது. வேறு எங்கோ வந்துவிட்டேன், தூசியில் வழி மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

இன்னும் கொஞ்சம் நடந்தேன். பாதி கட்டி நிற்கிற கட்டடத்தின் சுவர் மறைவில் இருபத்தைந்து பேர் வரிசையாக நின்று நண்பகல் தொழுகை தொழுதுகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் பெண்கள். நான் தெற்கிலிருந்து வருகிறேன். தெற்கே பார்த்துத் தொழுகிறவர்களின் முகம் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததெல்லாம் முதுகு.

அந்த முதுகுகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இவர்கள் வடக்கைக் கிப்லா என்று நினைத்திருக்கிறார்கள். கிப்லாப் பக்கத்து வயல் என்று என் விதை வயலை அறுத்திருக்கிறார்கள்.

தொழுகிறவர்களிடம் என்ன கத்த முடியும்? நின்றேன். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், நெற்றியைத் தரையில் வைத்தார்கள். மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவ்வளவு பயபக்தியோடு தொழுத கூட்டத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கட்டடத்துக்குள்ளே எட்டிப் பார்த்தேன். எரிவாயு பர்னரால் வாட்டி முடித்த கதிர்கள் கறுப்புக் கறுப்பாகக் குவிந்து கிடந்தன. ஒன்றிரண்டில் கருகிய நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

சலாம் சொல்லித் தொழுகை முடிந்ததும் அபூ ஷிஹாப் திரும்பினார். அவர்தான் முன்னால் நின்று தொழ வைத்தது. பிக்கப் வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் காய்கறி விற்கிறவர். யாருக்கு என்ன அவசரம் என்றாலும் அந்த வண்டிதான் முதலில் வந்து நிற்கும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்க உம்மு நிஸார்! பாத்தீங்களா, நீங்க வர்றதுக்குள்ள முடிச்சாச்சு. இந்தாங்க, முதல் பிடி உங்களுக்கு." உள்ளங்கையில் தேய்த்து ஊதிய மணியை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"அபூ ஷிஹாப்," என்றேன். "இது எந்த வயல்?"

"கிப்லாப் பக்கத்து வயல்."

"கிப்லா எந்தப் பக்கம்?"

அவர் வடக்கே கையைக் காட்டினார். "அதோ. இப்பத்தானே தொழுதோம்."

"யார் சொன்னது?"

"போன் சொல்லுச்சு. சாலையைத் தோண்டிப் போட்டிருக்கான், நாங்க சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா வந்தோம். தூசில ஒண்ணும் புரியல. இவர் இதுங்கறார், அவர் அதுங்கறார். அப்புறம்தான் கிப்லா பாக்குற செயலியைத் திறந்தேன். வல்லாஹி, சத்தியமா அம்பு அசையாம நின்னு காட்டுச்சு!"

"போனை எங்க வெச்சீங்க?"

"கையில இருந்தா ஆடுதுன்னு வண்டி மேல வெச்சேன்."

வண்டி மேலே அவருடைய ஒலிபெருக்கி உட்கார்ந்திருந்தது. 'தக்காளி, வெள்ளரி' என்று ஊரைக் கூட்டும் அந்தப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் இருக்கும். காந்தத்தின் பக்கத்தில் திசைகாட்டியை வைக்காதே என்று ஏழாம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறேன். அவர் போனைப் பிடுங்கி வண்டி மேல் வைத்தேன். அம்பு வடக்கைக் காட்டியது. எடுத்துக்கொண்டு இருபது எட்டு நடந்தேன். அம்பு தள்ளாடி, சுற்றி, திரும்பி, நான் வந்த பக்கத்தைக் காட்டியது.

கூட்டம் வாயைப் பிளந்தது. "யா அல்லாஹ்! அப்ப நம்ம தொழுகை?" என்றார் ஒருவர்.

"திரும்பத் தொழணும்."

"வேண்டாம்யா. தெரியாம செஞ்சா செல்லும்னு இமாம் சொல்லியிருக்கார்."

"தேடிப் பார்த்துட்டு தப்பானாதான் செல்லும். நாம எங்க தேடினோம்?"

"போன்ல தேடினோமே!"

"தொழுகைக்கு அல்லாஹ் பொறுப்பு!" என்று நான் அலறினேன். "என் விதைக்கு யாரு பொறுப்பு? ஏழு வருஷம்! இது விதை வயல். ஊரிலேயே இது ஒண்ணுதான். இனி எங்க போய்த் தேடுவேன்? கதிர்ல நீல நூல் கட்டியிருந்தேனே, அதுகூடவா கண்ணுல படல?"

"பட்டுச்சு," என்றார் அபூ ஷிஹாப், தலையைக் குனிந்துகொண்டு. "நீலமா இருக்கவும், கண்ணேறு படாம இருக்கக் கட்டினீங்கன்னு நினைச்சோம். மாஷா அல்லாஹ் சொல்லிட்டுத்தான் அறுத்தோம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இருபத்தஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது சந்தேகம் வரலையா? எங்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

அபூ ஷிஹாப்தான் பதில் சொன்னார். "கேக்கலாம்னுதான் பேசிக்கிட்டோம். நீ பண்ணு, நீ பண்ணுன்னு போன் கைமாறிக்கிட்டே இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க உம்மு நிஸார். காத்தைக்கூடத் தாங்கிக்கலாம், உங்க வாயைத் தாங்க முடியாதுன்னு ஒருத்தரும் பண்ணல."

அரிதாள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நாற்பது குடும்பத்தையும் சேர்த்துக் கெடுத்திருந்தது. கையில் இருந்த மணியை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டேன். புகையும் இனிப்பும் கலந்து, பாலாக... இவ்வளவு ருசியான ஃப்ரீகேவை நான் தின்றதே இல்லை. அதற்காகவும் அழுகை வந்தது.

"பெரியம்மா."

லுஜைன். அவள் தொழுகை வரிசையில் இருக்கவில்லை. வயலின் கோடி மூலையில் தனியாக நின்றிருந்ததைத் தூசியில் நான் கவனிக்கவில்லை. முக்காடு, புருவம், இமை எல்லாம் தூசி. ஒரு கையில் அரிவாள்.

"திட்டாதீங்க. ஒண்ணு காட்டணும்."

போனேன். அந்த மூலையில் ஒரு தொழுகை விரிப்பு அளவுக்குக் கதிர் அறுபடாமல் நின்றது. பச்சை மீசைகள் காற்றில் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தன. அங்கே ஒன்றிலும் இங்கே ஒன்றிலும் என் நீல நூல்.

"இது எப்படி?" என்றேன்.

"நூலைப் பாத்ததும் எனக்கு என்னமோ சரியாப் படல. வாட்டித் தின்னப் போற கதிர்ல யாராவது ஒவ்வொண்ணாத் தேடித் தேடி நூல் கட்டுவாங்களா? கேக்கணும்னு போனை எடுத்தேன். காலைலதான் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன் இல்லையா, கை வரல." அவள் கண்ணைத் துடைத்தாள், தூசியா வேறா தெரியவில்லை. "வயலோட கடைசிப் பிடியைப் பறவைக்கும் வழிப்போக்கருக்கும் விட்டுடணும், அதுதான் இங்க வழக்கம்னு என் மாமியார் சொல்லியிருக்காங்க. அதைப் பிடிச்சுக்கிட்டேன். இது பறவைக்கு, யாரும் தொடாதீங்கன்னு குறுக்கே நின்னுட்டேன்."

"பிடின்னா ஒரு பிடிதான் விடுவோம்," என்றார் பின்னாலேயே வந்த அபூ ஷிஹாப். "இந்தப் பொண்ணு விடற அளவைத் தின்னா குருவி வயிறு வெடிச்சிடும்னு சொன்னேன். கேக்கல. நகர மாட்டேன்னுடுச்சு."

நான் மண்டியிட்டு நூல் கட்டிய கதிர்களைத் தடவிப் பார்த்தேன். இருபத்து மூன்று. நூல் இல்லாதவை இன்னும் எத்தனையோ. ஒரு காப்பி டப்பா வருமா? வரும். டப்பா கொஞ்சம் தலைதட்டி இருக்கலாம், ஆனால் வரும். ஏழு வருஷம் பின்னால் போய் நிற்கிறேன், அவ்வளவுதான். அடுத்த வருஷம் நாற்பது குடும்பத்துக்கு இந்த விதை இல்லை, அதை எல்லோரிடமும் நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் கோதுமை சாகவில்லை.

லுஜைனின் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தால், பழக்கமில்லாத வாய், "ஏன் தொப்பி வெச்சுக்காம நின்னே, மண்டை காயப் போகுது," என்றுதான் வந்தது. அவள் புரிந்துகொண்டு சிரித்தாள்.

"மிச்சத்தைக் குருவி தின்னாம ஒரு மாசம் காக்கணும்," என்றேன். "அந்தப் பக்கத்து வயலையும் இன்னைக்கே அறுத்தாகணும்." போனை எடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசினேன்.

"ஃபஸா. ரெண்டு வேலை இருக்கு. முதல் வேலை, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நிக்கிற வயலை அறுக்கணும். அதுக்கு அரிவாள் வேணும். ரெண்டாவது வேலை, அறுத்து முடிச்ச வயல்ல ஒரு மூலையில கொஞ்சம் கதிர் நிக்குது. அங்க யாரும் அரிவாளோட போகக் கூடாது. பழைய வலை, கொசுவலை எதுவானாலும் கொண்டு வாங்க. சந்தேகம் இருந்தா கூப்பிட்டுக் கேளுங்க. எத்தனை தடவை வேணாலும் கேளுங்க. திட்ட மாட்டேன்."

ஒரு நிமிஷத்தில் குழுவில் பதில் வந்தது. 'எச்சரிக்கை. உம்மு நிஸாரின் போனை யாரோ திருடிவிட்டார்கள்.'

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அபூ ஷிஹாப் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தடத்தைத் தாண்டினார். ஒலிபெருக்கியைக் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் போனார். லுஜைன் மட்டும் என் பக்கத்திலேயே நின்றாள்.

"பெரியம்மா, நிஜமாவே எதை வேணாலும் கேக்கலாமா?"

"கேளு."

"கிப்லா எந்தப் பக்கம்?"

நாக்கு நுனிக்கு என்னென்னவோ வந்தது. விழுங்கினேன். அவளை இரண்டு தோளிலும் பிடித்து மெல்லத் திருப்பி நிறுத்தினேன். எதிரே தூசிக்குள் அரிவாள்கள் சரசரவென்று கேட்டன.

"இந்தப் பக்கம்."

அவள் கண்ணை இடுக்கித் தூசிக்குள் பார்த்தாள். "நிச்சயமாவா?"

முப்பது வருஷமாகப் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

"நிச்சயம்தான்," என்றேன். "இருந்தாலும் காத்து அடங்கினதும் மசூதியை ஒரு தடவை பாத்துக்குவோம். நானும் வரேன்."